ஊருக்கு இரண்டாவது இணைய இணைப்பு வேண்டும்

விதை, உரம், டீசல், மின்சாரம் என்ற இடுபொருள்களின் வரிசையில் இப்போது இணையமும் சேர்ந்துவிட்டது. உழவன் செயலியில் மானியத்துக்குப் பதிவு செய்வது, பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது, பட்டா, சிட்டா நகல் எடுப்பது, சந்தை விலை பார்ப்பது, பூச்சி தாக்கிய இலையைப் படம் எடுத்து அனுப்பி ஆலோசனை கேட்பது, வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இணையம் தேவைப்படுகிறது. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இதில் வேறுபாடு இல்லை.

ஆனால் விவசாயிகள் வாங்கும் பொருள்களில் மிகக் குறைவாக விசாரித்து வாங்கப்படுவது இணையம்தான். விதை வாங்கும்போது முளைப்புத் திறன் எவ்வளவு என்று கேட்கிறார்கள். உர மூட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். இணையத்துக்கு மட்டும் கடைக்காரர் சொல்லும் தொகையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பாதி நாளில் தீர்ந்துபோன பிறகு, "நெட் ஓடவில்லை" என்று நொந்துகொள்கிறார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று, கொடுக்கும் பணத்துக்கு எவ்வளவு அளவு கிடைக்கிறது? மற்றொன்று, அந்த ஊரில் இணையம் விற்பவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை கிடைத்தால்தான் முதல் கேள்விக்கும் நல்ல விடை கிடைக்கும்.

அளவு என்பது என்ன?

கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் கைபேசி வழியாகவே வருகிறது. 2024ஆம் ஆண்டு இறுதியில் நாடு முழுவதும் அகன்ற அலைவரிசை இணைப்புகள் 94 கோடிக்கு மேல் இருந்தன. அவற்றில் கம்பி வழி இணைப்புகள் 4 கோடியைச் சற்றே தாண்டியிருந்தன. மற்றவை அநேகமாக எல்லாமே கைபேசி வழி இணைப்புகள்.

கைபேசித் திட்டங்களில் நாளொன்றுக்கு 1 ஜி.பி., 1.5 ஜி.பி., 2 ஜி.பி. என்று அளவு வைக்கப்படுகிறது. அது தீர்ந்தால் இணைப்பு அறுவதில்லை. வேகம் நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதன் பொருள் என்ன என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். கைபேசியில் எடுத்த இலைப் படம் ஒன்று 3 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், அது 24,000 கிலோபிட் ஆகும். அதைச் சுருக்காமல் நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் அனுப்ப 375 நொடிகள், அதாவது ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். நொடிக்கு 30 மெகாபிட் வேகமுள்ள நல்ல இணைப்பில் அதே படம் ஒரு நொடிக்குள் போய்விடும்.

சந்தை விலை பார்ப்பதற்கோ, விண்ணப்பம் நிரப்புவதற்கோ அதிக அளவு தேவையில்லை. அளவைத் தின்பது காணொளிதான். தெளிவான படம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1 முதல் 3 ஜி.பி. வரை செலவாகும். வீட்டில் ஒரே கைபேசி இருந்து, மாலையில் பிள்ளை ஒரு மணி நேரம் பாடம் பார்த்துவிட்டால், இரவில் தகப்பனார் வானிலை பார்ப்பதற்கும் வழியில்லாமல் போகிறது.

வீட்டுக்குக் கம்பி வழியாக வரும் இணைப்பில் நாள் அளவு இல்லை. மாத அளவு உண்டு. "அளவில்லாத் திட்டம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கீழே சிறிய எழுத்தில் 1,000 ஜி.பி. அல்லது 3,300 ஜி.பி. தாண்டினால் வேகம் குறைக்கப்படும் என்று இருக்கும். சிறு குடும்பத்துக்கு 3,300 ஜி.பி. தாராளமானது. ஆகவே, கம்பி வழி இணைப்பு கிடைக்கும் ஊரில் அளவு ஒரு பெரிய குறை அல்ல. அந்த இணைப்பே வராத ஊரில்தான் அளவு கழுத்தைப் பிடிக்கிறது.

தண்ணீருக்கு முறை வைக்கலாம்

"அளவு வைக்காவிட்டால் சிலரே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுவார்கள், முறைப் பாசனம் போலத்தான் இதுவும்" என்று கம்பெனிகள் சார்பில் சொல்லப்படுவது உண்டு. இது பாதி உண்மை.

கிணற்றில் ஒருவர் அதிகமாக இறைத்தால் பக்கத்துக் கிணற்றில் மட்டம் இறங்கும். நேற்று இறைத்த தண்ணீர் இன்று இருக்காது. கண்ணாடி இழைக் கம்பி அப்படியல்ல. நேற்று அதில் எவ்வளவு தகவல் போயிருந்தாலும் இன்று அதன் கொள்ளளவு குறைவதில்லை. நெருக்கடி வருவது எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறக்கும்போதுதான். மாலை ஏழு மணியிலிருந்து இரவு பதினோரு மணி வரை அந்த நேரம். நள்ளிரவுக்குப் பின் வாய்க்கால் முழுவதும் தண்ணீர் ஓடியும் வாங்குவாரில்லை என்பது போன்ற நிலை.

மாத அளவோ நாள் அளவோ இந்த நெருக்கடி நேரத்தைப் பார்ப்பதில்லை. அதிகாலை நான்கு மணிக்கு ஒரு பயிற்சிப் படத்தை இறக்கி வைத்துக்கொள்ளும் விவசாயியால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனாலும் அவர் கணக்கில் அது கழிக்கப்படுகிறது. அன்றைய அளவில் மீதியிருப்பது நள்ளிரவில் காலாவதியாகிறது. முறைத் தண்ணீரில் ஒரு நியாயம் உண்டு. தம் முறையை விட்டவரின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். இங்கே மீதியான அளவு பக்கத்து வீட்டுக்கும் போவதில்லை.

கைபேசிக் கோபுரத்துக்கு மட்டும் இந்த வாதம் ஓரளவு பொருந்தும். ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அதைச் சுற்றியுள்ள எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் அங்கு கட்டுப்பாடு தேவைப்படலாம். கம்பி வழி இணைப்பில் அளவு என்பது பெரும்பாலும் விலை வைக்கும் ஒரு முறையே ஆகும்.

அமெரிக்காவில் நடந்தது

வீட்டு இணையத்துக்கு மாத அளவு வைப்பதில் அமெரிக்காவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அந்நாட்டின் மிகப் பெரிய வீட்டு இணைய நிறுவனங்களில் ஒன்றான காம்காஸ்ட், பல மாநிலங்களில் மாதத்துக்கு 1,000 ஜி.பி. என்றும், 2020 முதல் 1,200 ஜி.பி. என்றும் அளவு வைத்திருந்தது. தாண்டினால் ஒவ்வொரு 50 ஜி.பி.க்கும் 10 டாலர் கூடுதல் கட்டணம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது மக்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். வீட்டு இணையத்தின் பயன்பாடு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்தது. அப்போது காம்காஸ்ட், ஏ.டி. அண்டு டி. முதலிய நிறுவனங்கள் இந்த அளவைச் சில மாதங்களுக்கு நீக்கி வைத்தன. அளவு இல்லாத அந்த மாதங்களில் வலையமைப்பு இடிந்து விழுந்துவிடவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. காம்காஸ்ட் அந்த அளவை வடகிழக்கு மாநிலங்களுக்கும் கொண்டுவர 2021இல் திட்டமிட்டது. பின்னர் தள்ளி வைத்தது. கடைசி வரை நடைமுறைப்படுத்தவில்லை. அந்தப் பகுதியில்தான் வெரிசான் என்ற வேறொரு நிறுவனத்தின் கண்ணாடி இழை பல ஊர்களில் வீட்டு வாசல் வரை போயிருந்தது. 2025 ஜூனில், மற்ற நிறுவனங்களிடம் வாடிக்கையாளர்களை இழந்துவந்த நிலையில், காம்காஸ்ட் நாடு முழுவதும் அளவில்லாத புதிய திட்டங்களை அறிவித்தது. பக்கத்தில் வேறு கடை திறந்தால் படியின் அளவு தானாகப் பெரிதாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

விற்பவர் குறைந்தால்

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இது புதிய பாடம் அல்ல. ஊரில் ஒரே வியாபாரி வாங்கினால் தராசு யார் கையில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது காய்கறி விவசாயிக்குக் கிடைத்தது ஒரு கட்டடம் மட்டும் அல்ல. "இங்கே விலை சரியில்லை என்றால் அங்கே போவேன்" என்று சொல்லும் வாய்ப்பும் கிடைத்தது.

இணையத்தில் அந்த வாய்ப்பு சுருங்கி வந்திருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் கைபேசிச் சேவை தந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் விலை மிகவும் இறங்கியது. அதனால் கிராமங்களுக்குப் பெரும் நன்மை விளைந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பலர் கடையைக் கட்டிவிட்டார்கள். தமிழ்நாட்டில் தொடங்கி வளர்ந்த ஏர்செல் 2018 தொடக்கத்தில் முடங்கியது. அப்போது வேறு நிறுவனத்துக்கு மாற இலட்சக்கணக்கானோர் அலைந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. முடிவில் மூன்று தனியார் நிறுவனங்களும் அரசு நிறுவனமும் எஞ்சின.

2024 ஜூன் இறுதியில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்த இரு நாட்களில் கட்டண உயர்வை அறிவித்தன. பல திட்டங்கள் 10 முதல் 25 சதவீதம் வரை உயர்ந்தன. பி.எஸ்.என்.எல். உயர்த்தவில்லை. ஜூலை மாதத்தில் மட்டும் அதற்குச் சுமார் 29 இலட்சம் பேர் கூடுதலாக வந்தார்கள். பிறகு சில மாதங்களில் அந்த ஓட்டம் நின்றுபோனது. மாற்றுக் கடை இருந்தால் மட்டும் போதாது, அங்கே சரக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

இது கைபேசியின் கதை. வீட்டுக் கம்பி இணைப்பில் நிலைமை இன்னும் இறுக்கமானது. நகரத்தில் ஒரே தெருவில் நான்கு கம்பெனிகளின் கம்பிகள் தொங்குகின்றன. கிராமத்தில் ஒரு கம்பி வந்தாலே பெரிது. அது யாருடைய கம்பியோ அவர் வைத்ததே விலை, அவர் வைத்ததே அளவு, அவர் வந்து பழுது பார்க்கும் நாளே நல்ல நாள்.

கம்பெனிகளின் கணக்கு

ஒரு கிராமத்துக்கு இரண்டு கம்பெனிகள் ஏன் வருவதில்லை என்பதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். செலவில் பெரும்பகுதி இழைக்கு அல்ல. குழி தோண்டுவதற்கும், கம்பம் நடுவதற்கும், அனுமதி வாங்குவதற்கும் ஆகிறது. நகரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு நூறு வீடுகள் சேர்ந்தால் அந்தச் செலவு பங்கிடப்படும். தோட்டத்து வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஊரில் ஒரு கிலோமீட்டருக்குப் பத்து வீடுகள்கூடத் தேறாது. அங்கே ஒரு கம்பெனி முதல் போடவே தயங்கும். இரண்டாவது கம்பெனி எட்டிப் பார்க்காது.

ஆகவே, "கம்பெனிகள் போட்டி போடட்டும், எல்லாம் சரியாகிவிடும்" என்று விட்டுவிட்டால் கிராமத்துக்கு நியாயம் கிடைக்காது. ஊருக்கு ஒரே வாய்க்கால்தான் வெட்ட முடியும் என்றால், அந்த வாய்க்கால் பொதுவாக இருக்க வேண்டும். அதில் தண்ணீர் விடுபவர்கள் பலராக இருக்கலாம். இதுவே இதற்குச் சரியான வழி.

பொது வாய்க்கால் வந்திருக்கிறது

அந்தப் பொது வாய்க்காலின் தலைப்பகுதி ஏற்கெனவே மக்கள் பணத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. நாட்டின் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. பின்னர் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் பணிக்கென்று 2018இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு ரூ.1.39 இலட்சம் கோடியில் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல் வீடுகள் வரை இணைப்புத் தருவதும் அதன் நோக்கம்.

இங்கேதான் விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த ஒரு பழைய குறை நினைவுக்கு வருகிறது. அணை கட்டப்பட்டது, பிரதானக் கால்வாய் வெட்டப்பட்டது, வயல் வாய்க்கால் மட்டும் வெட்டப்படாமல் பல ஆயக்கட்டுகள் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்தன. அந்தக் குறையைப் போக்கவே 1974-75இல் ஆயக்கட்டுப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஊராட்சி அலுவலகத்தில் பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருக்க, எதிர்த் தெருவில் இருப்பவர் 64 கிலோபிட் வேகத்தில் தவித்துக்கொண்டிருந்தால், அதுவும் வயல் வாய்க்கால் இல்லாத அணையே.

வயல் வாய்க்காலை வெட்டும்போது ஒரு நிபந்தனை வேண்டும். பொதுப் பணத்தில் வந்த இழையிலிருந்து வீடுகளுக்குக் கொடுக்கும் உரிமையை ஊருக்கு ஒருவர் என்று கட்டிக்கொடுத்துவிடக் கூடாது. பெரிய கம்பெனி, சிறு பகுதிக்கு மட்டும் உரிமம் பெற்ற இணைய நிறுவனம், அதோடு சேர்ந்து வேலை செய்யும் உள்ளூர் கேபிள் டி.வி. நடத்துநர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று யார் கேட்டாலும் ஒரே விதிப்படி, ஒரே வாடகையில் இணைப்புத் தர வேண்டும். அப்படிச் செய்தால் கம்பி ஒன்றாக இருந்தாலும் கடைகள் இரண்டாகவோ மூன்றாகவோ இருக்கும்.

விவசாயிகளே சேர்ந்து இதைச் செய்த ஊரும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஆடு மாடு வளர்க்கும் மலையோரக் கிராமங்களுக்குப் பெரிய கம்பெனிகள் நல்ல இணைப்புத் தர முன்வரவில்லை. 2011இல் அந்த ஊர்க்காரர்கள் ஒரு பொதுநலச் சங்கம் அமைத்தார்கள். விவசாயிகள் தங்கள் நிலத்தில் குழாய் பதிக்கக் கட்டணம் வாங்காமல் அனுமதித்தார்கள். மண் தோண்டும் வேலையை ஊராரே செய்தார்கள். உழைப்புக்குச் சங்கத்தின் பங்குகளும் தரப்பட்டன. வீடுகளுக்கு நொடிக்கு 1,000 மெகாபிட் வேகத்தில், மாத அளவு ஏதும் இல்லாமல் இணையம் கிடைத்தது. தமிழ்நாட்டில் இதை அப்படியே செய்ய முடியாமல் போகலாம். ஆனால் பால் கூட்டுறவுச் சங்கம் நடத்தத் தெரிந்த ஊர்களுக்கு இதன் அடிப்படை புரியாதது அல்ல.

விவசாயிகள் செய்யக்கூடியவை

1. ரீசார்ஜ் செய்வதற்கு முன் மூன்று விவரங்களைக் கேட்க வேண்டும். அளவு எவ்வளவு, தீர்ந்த பின் வேகம் எவ்வளவு, எத்தனை நாளுக்குச் செல்லும்? 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 13 முறை பணம் கட்ட வேண்டும். 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் எல்லா நிறுவனங்களுக்கும் ஆணையிட்டிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறலாம்.

2. பேசுவதற்கு மட்டும் கைபேசி வைத்திருக்கும் முதியவர்களுக்கு இணையம் சேர்ந்த திட்டம் வாங்கத் தேவையில்லை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது.

3. வீட்டுக் கம்பி இணைப்பு உள்ளவர்கள் அளவில் எவ்வளவு தீர்ந்தது என்று அறிந்துகொள்ள உரிமை பெற்றவர்கள். 50, 90, 100 சதவீதம் செலவாகும்போது தகவல் தர வேண்டும் என்றும், அளவு தீர்ந்த பிறகும் வேகத்தை நொடிக்கு 512 கிலோபிட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது என்றும் 2016இல் டிராய் ஆணையிட்டது. 2023இல் அகன்ற அலைவரிசை என்பதன் குறைந்தபட்ச வேகமே 2 மெகாபிட் என்று மாற்றப்பட்டது.

4. குறை இருந்தால் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண் வாங்க வேண்டும். சரியாகாவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அதற்குப் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீது அங்கு வழக்குத் தொடரத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

5. ஊரிலேயே இரண்டாவது கடை திறக்க ஓர் எளிய வழி உண்டு. 2020 டிசம்பரில் மத்திய அரசு பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன்படி டீக்கடை, மளிகைக் கடை, கூட்டுறவுச் சங்கம் எதுவும் உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் சிறு அளவில் இணையம் விற்கலாம். இத்தகைய கடைகளுக்குத் தரும் இணைப்புக்கு, வீட்டு இணைப்புக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் டிராய் வரம்பு வைத்தது. பால் சங்கக் கட்டடமும் உழவர் உற்பத்தியாளர் நிறுவன அலுவலகமும் இதற்கு ஏற்ற இடங்கள்.

6. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். ஊராட்சிக்கு இழை வந்துவிட்டதா? வந்திருந்தால் இன்று ஓடுகிறதா? வீடுகளுக்கு இணைப்புத் தர எத்தனை பேருக்கு அனுமதி உள்ளது? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும். இணைப்பு வேண்டும் என்று கையெழுத்திட்ட ஐம்பது வீடுகளின் பட்டியலும் கூட இருந்தால், வரத் தயங்கும் நிறுவனத்துக்கும் அது ஒரு கணக்காகத் தெரியும்.

அளவைக் கூட்டிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரே விற்பனையாளர் இன்று கூட்டிக் கொடுப்பதை நாளை குறைக்கவும் முடியும். போக வேறு இடம் இருக்கும் வாடிக்கையாளரிடம் அப்படிச் செய்வது எளிதல்ல. ஆகவே, விவசாயிகள் கேட்க வேண்டியது கூடுதலாக அரை ஜி.பி. அல்ல, ஊருக்குள் இன்னொரு இணைப்பு. இழை ஊராட்சி வாசலுக்கு வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் அதைக் கேட்டு வாங்காவிட்டால், வாய்க்கால் ஒருவர் பெயரில் பதிவான பிறகு மடையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.